ஆளை நம்புவதா, தங்கத்தை நம்புவதா, சேமநிதியை நம்புவதா?

என் தங்கச்சி மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறாள். 38 வயது. அவள் கணவருக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வீட்டு வாடகை, பிள்ளைகள் டியூஷன், மாவு, எண்ணெய் எல்லாம் போக அவள் கையில் மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சுகிறது. அதை என்ன செய்வது என்று கேட்க ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள்.

"அக்கா, மூணாம் மாடி ஆன்ட்டி புதுச் சீட்டுக் கூட்டு ஆரம்பிக்கிறாங்க. பத்துப் பேர், ஆளுக்கு 300. மாமியார் நகை வாங்கிப் போடுன்னு சொல்றாங்க. இவரு ஊழியர் சேமநிதியில போடுன்னு சொல்றாரு. நீதான் கணக்கு வேலை பார்க்கிறவ, நீயே சொல்லு."

பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று எழுதிக்கொண்டே போனேன். தாள் நிறைந்ததே தவிர முடிவு வரவில்லை. பிறகுதான் புரிந்தது, மூன்றையும் ஒரே தராசில் வைத்ததுதான் என் தவறு. கூட்டில் சேர்வதென்றால் நாம் எடை போடுவது ஓர் ஆளை. தங்கம் வாங்கும்போது எடை போடுவது, பாட்டி காலத்திலிருந்து வந்த ஓர் எண்ணத்தை. சேமநிதி என்றால் ஓர் அமைப்பை. ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, எண்ணத்திடம் கேட்க வேண்டியது வேறு, அமைப்பிடம் கேட்க வேண்டியது வேறு.

கூட்டிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

பத்துப் பேர் மாதம் 300 போட்டால் 3,000 வெள்ளி சேரும். மாதம் ஒருவர் அதை எடுப்பார். சில கூட்டில் குலுக்கல், சில கூட்டில் ஏலம். ஏலம் என்றால் அவசரக்காரர் 2,700 போதும் என்று தள்ளி எடுப்பார், மிச்சம் மற்றவர்களுக்குப் பிரியும். பெரும்பாலும் முதல் சீட்டு கூட்டு நடத்துகிறவருக்கு. கணக்கெல்லாம் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில், பால் பாய்ண்ட் பேனாவால். சம்பளச் சீட்டு வேண்டாம், வங்கி அறிக்கை வேண்டாம், ஜாமீன் கையெழுத்து வேண்டாம். முறுக்கு விற்கிற பெண் 3,000 வெள்ளி கடன் கேட்டு வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே சம்பளச் சீட்டு எங்கே என்பதுதான். கூட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. முதல் சீட்டு எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசிச் சீட்டு எடுப்பவருக்குக் கட்டாயச் சேமிப்பு. ஐந்தாம் தேதி ஆன்ட்டி கதவைத் தட்டுவார் என்ற ஒன்றே பலரைச் சேமிக்க வைத்திருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. என் பள்ளிக் கட்டணம் கூட்டுப் பணத்தில் கட்டப்பட்டது.

அதே கூட்டில் அம்மா ஒரு தடவை பணத்தை இழந்ததும் எனக்குத் தெரியும். அப்போது மாதம் 100 வெள்ளி, பத்துப் பேர். அம்மாவுக்கு ஒன்பதாம் சீட்டு. ஆறு மாதம் கட்டிய பிறகு கூட்டு நடத்திய அம்மாள் ஒரே இரவில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். தெருவே திருடி என்றது. அம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பல வருடம் கழித்து என்ன நடந்தது என்று தெரிய வந்தது. இரண்டாம் சீட்டு எடுத்தவருக்கு வேலை போய்விட்டது, கட்டுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் தன் கைப்பணத்தைப் போட்டார். மூன்றாவது மாதம் சங்கிலியை அடகு வைத்தார். நான்காவது மாதம் வைக்க ஒன்றும் இல்லை.

அவர் யோக்கியமானவர்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் தன் கஷ்டத்தை நான்கு பேர் முன்னால் சொல்லத் தெரியாதவர். முதல் மாதமே பத்துப் பேரையும் உட்கார வைத்து "இவர் கட்டவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் அம்மாவின் 600 வெள்ளியில் பாதியாவது திரும்பியிருக்கும், அவரும் ஊரில் இருந்திருப்பார். ஆளை எடை போடும்போது நாம் வழக்கமாகக் கேட்பது "நல்லவரா?" என்று. பணம் கொடுக்கிற இடத்தில் நான் இப்போது கேட்பது, "கை சுருங்கியபோது இவர் என்ன செய்தார்? சொன்னாரா, மறைத்தாரா?" என்பதைத்தான்.

அதனால் தங்கச்சியிடம் ஆன்ட்டியைப் பற்றி விசாரித்தேன். பதினோரு வருடமாக நடத்துகிறார், ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்றாள் பெருமையாக. அது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒரு தடவையாவது யாராவது கட்டாமல் போய், அதை அவர் எல்லாருக்கும் சொல்லிச் சமாளித்திருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வந்திருக்கும். தவறாத கணக்கைப் பார்த்து, தவறும்போது அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள முடியாது. பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் அறிவார்களா என்றும் கேட்டேன். ஆறு பேர் அதே பிளாட். மீதி நான்கு பேர் ஆன்ட்டிக்கு மட்டும் தெரிந்தவர்கள், வாட்ஸ்அப்பில் சேர்ந்தவர்கள். அங்கேதான் எனக்கு நெருடியது. கூட்டைக் காப்பது பணமோ கையெழுத்தோ கிடையாது, நாளைக்கு லிஃப்டில் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற கூச்சம்தான். முகம் தெரியாத நான்கு பேருக்கு அந்தக் கூச்சம் எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில்கூட நம்முடைய 'கூட்டு' என்ற சொல்தான் நிற்கிறது. அப்படியும் கூட்டு அரை நூற்றாண்டாக நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் உடைந்தால் எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? அம்மா போலீசுக்குப் போகாததற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் அல்ல, போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சரி, தங்கம்.

மாமியார் சொன்னதற்காக ஒரு சனிக்கிழமை தங்கச்சியை அழைத்துக்கொண்டு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பினாங்கு ஸ்திரீட்டில் பூக்கடை, சிடி கடை எல்லாம் தாண்டி ஒரு நகைக்கடை. கடைக்காரத் தம்பி ஒரு ஜோடி வளையலை எடுத்துத் தராசில் வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சின்னத் தராசு, ஏசி காற்று பட்டால்கூட எண் ஆடும். 15.92-இல் நின்றது. கிட்டத்தட்ட இரண்டு பவுன். 916, அதாவது 22 காரட். கிராம் விலையால் பெருக்கினார், பிறகு கூலி என்று ஒரு தொகையைக் கூட்டினார். தங்கச்சி வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இதையே நாளைக்கு விற்க வந்தால்?" என்று கேட்டேன். தங்கத்துக்கு மட்டும்தான் விலை, கூலி வராது என்று அவர் மறைக்காமல் சொன்னார். கூலி பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், தங்க விலை பத்து விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். விற்கும் விலையும் வாங்கும் விலையும் வேறு வேறு என்பது இன்னும் தனி.

தங்கம் என்றைக்கும் இறங்காது என்பது மாமியாரின் பேச்சு. ஓர் எண்ணத்தை எடை போட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அது எப்போது பொய்த்தது என்று தேடிப் பார்ப்பது. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 அமெரிக்க டாலரைத் தொட்டது. 1999-இல் அது 260 டாலருக்கும் கீழே கிடந்தது. 35 வயதில் உச்ச விலையில் வாங்கிய ஒரு பெண், 54 வயதில் டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையைப் பார்த்திருப்பார். பிறகு தங்கம் ஏறி, 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. ஏறுகிற நேரத்தில்தான் எல்லாரும் "இறங்காது" என்கிறார்கள். 1980-லும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் மாமியாரின் சொல்லைத் தூக்கி எறிய முடியவில்லை. அவர் காலத்தில் தோட்டத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம், சம்பளம் குடும்பத்துக்குச் சொந்தம், கழுத்தில் கிடந்தது ஒன்றுதான் பெண்ணுக்குச் சொந்தம். தங்கம் வாங்கு என்று அவர் சொல்லும்போது விலை ஏறும் என்று மட்டும் சொல்லவில்லை. உன் பெயரில் ஏதாவது இருக்கட்டும், ஆபத்துக்கு யாரையும் கேட்காமல் எடுக்கிற மாதிரி இருக்கட்டும் என்கிறார். அந்த அறிவுரையின் உள்ளே இருக்கிற காரணம் இன்றும் சரியானது. அந்தக் காரணத்துக்கு அன்றைக்குத் தங்கம் ஒன்றுதான் வழி. இன்றைக்கு அவள் பெயரில் கணக்கு திறக்கலாம்.

அப்புறம், ஆபத்துக்கு உதவும் என்பதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அடகுக் கடையில் அரை மணி நேரத்தில் பணம் கிடைக்கும், ஆறு மாதத் தவணை, மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. 3,000 வெள்ளிக்கு வைத்தால் மாதம் 60, ஆறு மாதத்தில் 360. செலவு குறைவு என்று, வட்டிக்குப் பதில் பாதுகாப்புக் கட்டணம் வாங்கும் இஸ்லாமிய அடகு முறையான அர்-ரஹ்னுவுக்குப் போகிற நம்மவர்களும் நிறைய. எங்கே வைத்தாலும், எளிதாக வைக்க முடிகிறது என்பதாலேயே பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் போகிற நகை தீபாவளிக்குத்தான் திரும்பி வருகிறது. சில வீட்டில் திரும்பி வருவதே இல்லை.

மூன்றாவது, அமைப்பு. இங்கே என் முதல் கேள்வி, இது உண்மையிலேயே அமைப்புதானா அல்லது அமைப்பு மாதிரி தெரிகிற ஓர் ஆளா என்பது. இதை 1986 நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. வைப்புத் தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் அந்த வருடம் முடக்கப்பட்டன. கட்டடம் இருந்தது, முத்திரை இருந்தது, பாஸ்புத்தகம் இருந்தது, உள்ளே சிலர் இஷ்டத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் இருக்கிறது. வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களின் சின்னச் சின்னப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். அவர் 1979-இல் காலமானார். சங்கம் இன்றும் இருக்கிறது. ஓர் ஆள் மேல் வைத்த நம்பிக்கையில் தொடங்கி, அந்த ஆள் போன பிறகும் நிற்கிறது. என் அளவில் அமைப்பு என்றால் அதுதான்.

சம்பளக்காரர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது. எத்தனையோ பேர் அதன் தலைமையில் வந்து போய்விட்டார்கள். வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு லாப ஈவு என்று சட்டமே சொல்கிறது. உண்மையில் கொடுத்தது அதைவிட அதிகம்: 2020-இல், அந்தக் கொரோனா வருடத்தில்கூட, 5.20. 2023-இல் 5.50, 2024-இல் 6.30.

ஆனால் இந்த அமைப்பு என் தங்கச்சியைப் போன்றவர்களை மனதில் வைத்துக் கட்டியது அல்ல. சம்பளக்காரர் 11 விழுக்காடு போட்டால் முதலாளி 12 அல்லது 13 போடுகிறார். முறுக்குச் சட்டிக்கு முதலாளி யார்? அமைப்பை எடை போடும்போது, யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்காமல் விடக் கூடாது. அவர்களுக்காக இப்போது ஐ-சாரான் என்று ஒரு வாசல் இருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர் 60 வயதுக்குள் தானே பணம் போட்டால், 2025 முதல் அரசாங்கம் அதற்கு 20 விழுக்காடு சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வரை. அதாவது ஆண்டுக்கு 2,500 போட்டால் 500 கூட வரும். மாதம் 208 வெள்ளி. இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் தெருவில் பலகாரம், தையல், பூ என்று எத்தனை பெண்கள், இதை யாரும் அவர்களுக்குத் தமிழில் உட்கார வைத்துச் சொல்லவில்லையே.

பணம் பூட்டிக்கொள்ளும் என்பது அவளுடைய பயம். 2024 மே மாதத்திலிருந்து புதிதாகப் போடும் பணம் மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்கால வயதுக்கு, 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு, 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்க. மாதம் 200 போட்டால் 150 வெள்ளியை 55 வயது வரை தொட முடியாது. அவளுக்கு இன்னும் 17 வருடம். இது குறையா, நிறையா? அம்மாவின் நகைகள் எத்தனை தடவை அடகுக் கடைக்குப் போயின என்று எண்ணிப் பார்த்தால், யாருக்காகவும் திறக்க முடியாத ஒரு பூட்டு அம்மாவுக்குக் கிடைத்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. அதேபோல அந்தப் பூட்டின் சாவி நம் கையில் இல்லை என்பதும் உண்மை. கொரோனா காலத்தில் அரசாங்கம் திறந்துவிட்டது, 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சோற்றுக்கு எடுத்தார்கள். விதி மாறும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு குறையை எந்த அறிக்கையிலும் பார்க்க முடியாது. நாளைக்குத் தங்கச்சி கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டினால் சேமநிதிக்குத் தெரியாது. மூன்றாம் மாடி ஆன்ட்டிக்குத் தெரியும். சோறு எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் மேலே வருவார்.

அமானா சஹாம் மலேசியாவைப் பற்றியும் கேட்டாள். 2000-இல் தொடங்கிய, எல்லா இனத்தாரும் வாங்கக்கூடிய நிதி, ஒரு யூனிட் ஒரு வெள்ளி, நினைத்தபோது எடுக்கலாம். நல்லதுதான். யூனிட் கிடைக்க வேண்டுமே. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை செயலியைத் திறந்து பார்க்கப் பொறுமை இருந்தால் முயற்சி செய் என்றேன்.

கடைசியில் நான் சொன்னது இது. மாதம் 208 வெள்ளி ஐ-சாரானில். மிச்சம் 92 வெள்ளி, அவள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கில். வங்கி விழுந்தாலும் 250,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. இந்த வருடம் நகை வேண்டாம், இருக்கிற சங்கிலி அடகுக்குப் போகாமல் இருந்தாலே மாமியார் சொன்னதைக் கேட்ட மாதிரிதான். கூட்டு வேண்டாம்.

"அப்போ தீபாவளிக்கு மாவு எடுக்க 2,500 வேணுமே அக்கா? அதுக்குத்தானே கூட்டு?" என்றாள். சரியான கேள்வி, அதுதான் என் தாளில் விட்டுப்போன கட்டம். அவள் கூட்டில் தேடியது சேமிப்பை அல்ல, கேள்வி கேட்காத கடனை. அதற்கு வேறு இடம் பார்த்தோம். 1987-இலிருந்து நடக்கிற, சிறுதொழிலுக்குச் சிறுகடன் தரும் அமானா இக்தியாரில், இந்தியப் பெண்களுக்கென்றே 2024-இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கி 'பெண்' திட்டம் தொடங்கினார்கள். அமானா இக்தியாரின் முறையே ஐந்து பெண்கள் ஒரு குழு, வாரா வாரம் கூட்டம், அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை என்பதுதான். படித்தபோது எனக்கு மூன்றாம் மாடி ஞாபகம்தான் வந்தது. அதே கூச்சம், அதே முகம் பார்க்கிற கட்டாயம், ஆனால் உடைந்தால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. வார வாரம் போய் உட்கார வேண்டும், நிர்வாகக் கட்டணமும் உண்டு. ஆர்டர் குவிகிற மாதத்தில் அது சிரமம்தான் என்று அவளிடம் மறைக்கவில்லை.

அவளுக்குக் கடனைவிடப் பெரிய கவலை, ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்பது. நம்பவில்லை என்று நினைத்துவிட்டால்? அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா முறுக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கீழே இறங்கினோம். தங்கச்சி சுற்றி வளைக்காமல், இந்தத் தடவை என்னால் முடியாது ஆன்ட்டி, சேமநிதியில் போடப் போகிறேன் என்றாள். அவர் 555 புத்தகத்தைத் திறந்து, ஏழாவது வரியில் இருந்த அவள் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கச்சியிடம் கேட்டார்: "அந்த ஐ-சாரானுக்கு எத்தனை வயசு வரைக்கும் சேர்த்துக்குவாங்கம்மா? எனக்கு அம்பத்தாறு."